மகன் ஆமை கேட்கிறான்; வீட்டில் இரண்டரை வயதுக் குழந்தையும் இருக்கிறாள்

கேள்வி: எங்கள் மகனுக்கு 9 வயது, மகளுக்கு இரண்டரை வயது. உடன் இருக்கும் என் மாமியாருக்கு 71 வயது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் வாங்கப் போனபோது பார்த்த குட்டி ஆமையை மகனால் மறக்க முடியவில்லை. “ஆமைதானே, நட்சத்திர ஆமையே கொண்டுவந்து தருகிறேன், வீட்டுக்கு ராசி” என்கிறார் என் கொழுந்தனார். என் கணவரோ, நாற்றமில்லாமல் வளர்க்க, பால் பைத்தான் (Ball python) என்னும் பாம்போ பியர்டட் டிராகன் என்னும் ஓணானோதான் ஏற்றது என்று இணையத்தில் விற்பவர் ஒருவரிடம் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். நாய் வளர்க்க மாமியாருக்குச் சம்மதமில்லை. இவற்றுள் எதை வாங்கலாம்? எப்படிப் பராமரிக்க வேண்டும்? எதுவும் கூடாது என்றால் மகனுக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகி, மேற்குத் தாம்பரம்

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கிறீர்கள். கால்நடை மருத்துவரான என்னிடம் வரும் பெற்றோரில் பெரும்பாலானோர் வாங்கி ஆறு மாதம் கழித்து, விலங்கு கண் திறக்காமல் கிடக்கும்போதுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் மகளுக்கு 5 வயது நிறைந்த பிறகும் மகனுக்கு இதே ஆசை இருந்தால், மாமியாரின் மருத்துவரையும் கேட்டுக்கொண்டு, நீங்கள் எழுதிய நான்கில் பியர்டட் டிராகனை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். ஊர்வனவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது, கேட்கிற பிள்ளையின் வயதைப் பார்ப்பதைவிட, அந்த வீட்டிலுள்ள மிகச் சிறியவரின் வயதையும் மிக மூத்தவரின் உடல்நிலையையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த அளவுகோல்.

அதற்குக் காரணம் சால்மோனெல்லா. ஆமை, ஓணான், பாம்பு ஆகியவற்றின் குடலில் இந்த பாக்டீரியா, அவற்றுக்கு யாதொரு தொல்லையும் தராமல், இயல்பாகவே குடியிருக்கிறது. மலத்தின் வழியாக வெளியேறித் தோலிலும் ஓட்டிலும் தொட்டி நீரிலும் ஒட்டிக்கொள்கிறது. அது எல்லா நாளும் வெளிப்படுவதில்லை, விட்டுவிட்டுத்தான் வெளிப்படும் என்பதால், ஒருமுறை மலப் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்ததை வைத்து நிம்மதி கொள்ள முடியாது. விலங்குக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து முழுவதுமாக ஒழித்துவிடவும் முடியாது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்குச் சில நாள் வயிற்றுப்போக்கோடும் காய்ச்சலோடும் போய்விடும் இந்தத் தொற்று, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், 65 வயதைக் கடந்தவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோரிடம் இரத்தத்தில் கலந்து, சில வேளைகளில் மூளை உறை வரை சென்றுவிடக் கூடியது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த மூன்று பிரிவினருக்கும் ஊர்வன வளர்ப்பு உகந்ததல்ல என்று அறிவுறுத்துகிறது. உங்கள் வீட்டில் முதல் இரண்டு பிரிவினரும் இருக்கிறார்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயால் மாமியார் மூன்றாவது பிரிவிலும் சேர்ந்துவிடுகிறார்.

“மகளைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்” என்று நீங்கள் சொல்லக்கூடும். தொடுவது மட்டுமே வழி என்றால் அந்தப் பதில் போதும். ஆனால் தொட்டி நீரை ஊற்றிய குளியலறைத் தரை, அதற்குப் பயன்படுத்திய வாளி, துடைத்த துணி, ஆமையைத் தூக்கிவிட்டுக் கை கழுவ மறந்த அண்ணனின் விரல்கள் என்று எல்லாமே இரண்டரை வயதுக் குழந்தையின் வாய்க்குப் போகும் பாதைகள்தாம்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். உங்கள் கொழுந்தனாரின் யோசனையை இன்றே மறுத்துவிடுங்கள். நட்சத்திர ஆமை நம் தென்னிந்திய முட்புதர்க் காடுகளுக்கும் இலங்கைக்கும் வடமேற்கு இந்தியாவுக்கும் உரிய உயிரினம். உலகில் மிக அதிகமாகக் கடத்தப்படும் ஆமைகளுள் ஒன்று. 2019இல் அதன் பன்னாட்டு வணிகம் அறவே தடை செய்யப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் கொண்டுவரப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி, இது முதல் அட்டவணையில் உள்ளது. அந்த அட்டவணையில் உள்ள விலங்கைப் பிடித்து வைத்திருந்தால், 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம். பணம் கொடுத்து வாங்கவில்லை, உறவினர் அன்பளிப்பாகத் தந்தார் என்பது சட்டத்தின் முன் எடுபடாது. ராசி என்கிறார் அவர்; ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்றல்லவா நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள்! இந்த ஆமையைப் பொறுத்தவரை, ஆமை முன்னால் வரும், அமீனாவுக்குப் பதில் வனத்துறை பின்னால் வரும். கிணற்றுத் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று ஊர்ப்புறத்தில் பிடித்து விடுகிற குளத்து ஆமை, உடும்பு, பச்சோந்தி ஆகிய உள்நாட்டு உயிரினங்களும் வீட்டில் வளர்க்கக் கூடாதவையே. பலர் வீட்டுக் கூண்டில் இருக்கும் பச்சைக்கிளிக்கும் அதே சட்டம்தான். அக்கம்பக்கத்தில் ஒருவர் வைத்திருப்பதை நாம் முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது.

மகன் கடையில் பார்த்தது பெரும்பாலும் சிவப்புக் காது ஆமையாக இருக்கும்; கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை தெரிந்ததா என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். ரெட் இயர் ஸ்லைடர் என்று விற்கப்படும் இதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. கடையில் நாணய அளவில் பச்சைப் பசேலென்று நீந்தும்போது, ஒரு சிறிய கண்ணாடித் தொட்டியும் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரமும் போதும் என்று தோன்றும். ஆனால் பெண் ஆமை 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளர்கிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டு வரை வாழ்கிறது. வளர்ந்த ஆமைக்கு 300 லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும் தொட்டி, மீன் தொட்டிக்குப் போடுவதைப்போல் இரு மடங்கு திறனுள்ள வடிகட்டி, நீரை விட்டு முழுவதுமாக ஏறி உலர்ந்து வெயில் காய ஒரு மேடை, அந்த மேடைக்கு மேலே வெப்ப விளக்கும் புற ஊதா பி கதிர் விளக்கும் வேண்டும். உங்கள் மகன் 18 வயதில் கல்லூரி விடுதிக்குப் போகும்போது ஆமைக்கு 9 வயதுதான் ஆகியிருக்கும். அதற்குப் பின் 20 ஆண்டு அந்தத் தொட்டியைக் கழுவப் போகிறவர் யார் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

என் மருத்துவமனைக்கு வரும் இந்த ஆமைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரண்டே குறைகள். ஒன்று, வீங்கி ஒட்டிப்போன இமைகள். உலர்ந்த இறாலை மட்டுமே உணவாகக் கொடுப்பதால் வரும் வைட்டமின் ஏ குறைபாடு இது. ஒரு சிறுமி, தன் ஆமை மூன்று வாரமாகத் தூங்குகிறது என்று சொல்லிக் கொண்டுவந்தாள்; அது தூங்கவில்லை, கண் தெரியாததால் உண்ணாமல் கிடந்தது. மருந்துக் கடையில் வைட்டமின் வாங்கித் தாமாகவே கொடுக்கும் வழக்கமும் உண்டு. அளவு மீறினால் தோலே உரிந்து போகும். மற்றொன்று, விரலால் அழுத்தினால் அமுங்கும் ஓடு. புற ஊதா பி கதிர் இல்லாமல் ஆமையின் உடல் வைட்டமின் டி3 தயாரிக்க முடியாது. அது இல்லாமல் கால்சியம் எலும்பில் சேராது. “தொட்டியை ஜன்னலோரம்தானே வைத்திருக்கிறோம்” என்பார்கள். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விட்டுவிட்டு அந்தக் கதிரை மட்டும் தடுத்துவிடுகிறது. சரி, கண்ணாடி இல்லாத பால்கனியில் வைப்போம் என்றால், மே மாதச் சென்னை வெயிலில் கண்ணாடித் தொட்டி சில நிமிடங்களில் உலையாகிவிடும். அப்படி வெந்து இறந்த ஆமைகளையும் பார்த்திருக்கிறேன்.

பெரிதான பிறகு கோயில் குளத்தில் விட்டுவிடலாம் என்று யாரேனும் சொன்னால் செவிசாய்க்காதீர்கள். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் வெளியிட்ட, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம் குளத்து ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் இது பிடுங்கிக்கொள்கிறது. கேரளத்தில் திருச்சூர்ப் பகுதி நீர்நிலைகளில் இவை தென்பட்டு, பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைத் தேடிச் சேகரிக்கும் நிலை வந்தது. இரக்கத்தால் செய்வதாக நினைத்து விடுகிறார்கள். ஊர்க்குளம் அதற்கு விலை கொடுக்கிறது. பிற்காலத்தில் விடுவதற்கு இடமில்லாத விலங்கை முதலிலேயே வாங்காமல் இருப்பதுதான் சரி. அமெரிக்கா, தன் சொந்த மண்ணின் ஆமையாக இருந்தும், 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுடைய ஆமைகளை வளர்ப்பு விலங்காக விற்பதை 1975இலேயே தடை செய்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அந்த அளவு ஆமை குழந்தையின் வாய்க்குள் போய்விடும் என்பதே அந்த அளவுகோலுக்குக் காரணம்.

உங்கள் கணவர் சொல்லும் பால் பைத்தான், மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வாழும் சாதுவான மலைப்பாம்பு வகை. ஒன்றரை மீட்டருக்கு மேல் வளர்வது அரிது, 20 முதல் 30 ஆண்டு வாழும், நாற்றமில்லை என்பதும் பெருமளவு உண்மை. ஆனால் அதன் உணவு எலி. உறைய வைத்த எலியை வாங்கி வந்து, இட்லி மாவுக்கு மேல் தட்டில் சேமிக்க உங்கள் மாமியார் சம்மதிப்பார் என்று வைத்துக்கொண்டாலும், உறைநிலையில் சால்மோனெல்லா சாவதில்லை. சில பால் பைத்தான்கள் காரணமே தெரியாமல் மாதக்கணக்கில் உண்ணாவிரதம் இருக்கும். அனுபவமில்லாதவர்கள் அதற்குள் பயந்து, பாம்பைப் பாடாய்ப் படுத்திவிடுகிறார்கள்.

எனினும் குழந்தைகள் உள்ள தமிழ்நாட்டு வீட்டில் எந்தப் பாம்பையும் நான் பரிந்துரைப்பதில்லை என்பதற்குக் காரணம் வேறு. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ எழுதப்படும் வளர்ப்புக் கையேடுகள், பாம்பைக் கையில் எடுத்துப் பழகினால் குழந்தைக்குப் பயம் போய்விடும் என்று மகிழ்ச்சியோடு சொல்கின்றன. இங்கே அந்தப் பயத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் நாம் வாழும் ஊர்களிலேயே வாழ்கின்றன. ஏரிகளும் புதர்களும் இன்னும் மிஞ்சியிருக்கும் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் மழைக்காலத்தில் வீட்டு வாசல் வரை பாம்பு வருவது உங்களுக்குப் புதிதாக இராது. கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கையில் எடுத்துக் கடிபட்ட பெரியவர்களே உண்டு. பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கும் பாம்பைத் தினமும் தோளில் போட்டுப் பழகிய 9 வயதுப் பையன், மொட்டை மாடிப் படிக்கட்டில் அதேபோல் ஒன்றைக் கண்டால் கை பின்வாங்குமா, முன்னே நீளுமா என்பதை நான் சோதித்துப் பார்க்க விரும்பவில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த கார்ன் ஸ்னேக் இன்னும் சாதுவானது, அதை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள்; அதற்கும் இதே பதில்தான்.

எஞ்சுவது பியர்டட் டிராகன். மத்திய ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்து ஓணான் இது. 45 முதல் 60 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய 10 ஆண்டு ஆயுள். குழந்தைகளோடு பழக ஊர்வனவற்றில் இதைவிட ஏற்றது குறைவு என்பது என் அனுபவம். பகலில் விழித்திருக்கிறது, ஒளிந்துகொள்ளாமல் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறது, தன்னைவிடப் பெரிய ஓணானைக் கண்டால் ஒரு முன்னங்காலைத் தூக்கி மெல்லச் சுழற்றி, வணக்கம் வைப்பதுபோல் அடக்கம் காட்டுகிறது. கோபம் வந்தால் தொண்டைத் தாடி கறுக்கும். ஆகவே எப்போது தொடலாம், எப்போது விட்டுவிட வேண்டும் என்பதைக் குழந்தையாலும் படித்துக்கொள்ள முடியும். மகனின் 12ஆவது வயதில் வாங்கினால், அவன் வேலைக்குப் போகும் வயதுக்குள் அதன் வாழ்வு பெரும்பாலும் முடிந்துவிடும். முப்பது ஆண்டு ஆமையைவிட நேர்மையான ஒப்பந்தம் இது.

ஆனால் பாலைவனத்து விலங்கைக் கடற்கரை மாநகரத்தில் வளர்க்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. குறைந்தது 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கூடு வேண்டும். அதன் ஒரு முனையில் விளக்கின் கீழ் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். மறுமுனை 25 டிகிரிக்கு அருகில் இருக்க வேண்டும். தன் உடல்வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத விலங்கு, இந்த இரு முனைகளுக்கிடையே நடந்துதான் அதைச் சரிசெய்துகொள்கிறது. குளிர்நாட்டுக்காரர்களுக்குச் சூடாக்குவது கவலை. நமக்கோ குளிர்ந்த முனையைக் குளிர்ச்சியாக வைப்பதுதான் கவலை. ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் அறையே 35 டிகிரி இருந்தால் விளக்கு எரியும் கூட்டில் அதற்கு ஒதுங்க இடமில்லை. குளிர்சாதனம் உள்ள அறை வேண்டும். மின்தடை வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அடுத்தது ஈரப்பதம். அதற்கு ஏற்றது 30 முதல் 40 விழுக்காடு. வடகிழக்குப் பருவமழையில் சென்னையின் காற்றில் அதைப்போல் இரு மடங்கு ஈரம் இருக்கும். வாய் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி வருவது ஆகிய அறிகுறிகளோடு நவம்பர், டிசம்பரில் இவை என்னிடம் வருவது அதனால்தான். கண்ணாடிப் பெட்டியைவிடப் பக்கவாட்டில் காற்று புகும் கூடு நமக்குப் பொருந்தும்; மழைக்காலத்தில் நீர் தெளிக்கும் வேலையே வேண்டாம்.

கூட்டின் நீளத்தில் பாதிக்கு மேல் செல்லும் குழல் வடிவப் புற ஊதா பி விளக்கைப் பொருத்தி, அது நன்றாக எரிவதுபோல் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளி இருக்கும்போதே தெரியாத கதிர் தீர்ந்துபோயிருக்கும். தரையில் மணல் போட்டால் உணவோடு விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். சொரசொரப்பான டைல்ஸ் ஓடோ காகிதமோ போதும். குட்டிக்குப் பெரும்பகுதி பூச்சி, வளர்ந்த பின் பெரும்பகுதி கீரை என்று உணவு மாறும். கீரையில் முருங்கை நன்று. பசலையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். பூச்சிகளை அதற்கென வளர்ப்பவர்களிடமே வாங்கி, கால்சியம் பொடி தூவிக் கொடுங்கள். தோட்டத்தில் பிடித்தவற்றில் பூச்சிக்கொல்லி இருக்கலாம். மகன் ஆசையாக ஒரு மின்மினிப் பூச்சியைப் பிடித்துப் போட்டால் அந்த ஒன்றே உயிரைப் பறிக்கும், அவ்வளவு கொடிய நஞ்சு அதில் இருக்கிறது. இரண்டை ஒரே கூட்டில் வைக்காதீர்கள். ஒன்றின்மேல் ஒன்று படுத்திருப்பதைப் பார்த்துப் பாசம் என்கிறார்கள், விளக்குக்கான போட்டி அது.

வேலைகளைப் பிரித்துக்கொள்வதிலும் தெளிவு வேண்டும். கீரை நறுக்குவது, காலையில் வெப்பமானியைப் பார்த்துக் குறிப்பது, வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதுவது ஆகியவை மகனுக்கு. கூட்டைக் கழுவுவதும் மலத்தை அகற்றுவதும் பெரியவர்களுக்கு மட்டும். அதுவும் சமையலறைத் தொட்டியில் கூடவே கூடாது, வாளியும் துணியும் தனியாக இருக்க வேண்டும். கையில் எடுக்கும்போது மகன் தரையில் அமர்ந்திருக்கட்டும், நழுவினாலும் அடிபடாது. கீழே இறக்கியவுடன் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 20 விநாடி கை கழுவ வேண்டும். முத்தம் கொடுப்பது, உணவு மேசையில் உலவவிடுவது, படுக்கையறையில் கூட்டை வைப்பது ஆகியவற்றுக்கு விதிவிலக்கே வேண்டாம்.

எங்கே வாங்கினாலும், எந்த விலங்கானாலும், உள்நாட்டில் இனப்பெருக்கம் செய்யப்பட்டதற்கான ரசீதைக் கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பால் பைத்தான், பச்சை இகுவானா போன்ற, அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் (சைட்டிஸ்) பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தின் வழியே தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் பதிவுசெய்தாக வேண்டும். புதிதாகப் பெறுவோருக்கு 30 நாள் அவகாசம். உங்கள் கணவர் விலை கேட்டிருக்கும் விற்பனையாளர் இதைப் பற்றி ஒரு சொல்லாவது சொன்னாரா என்று விசாரித்துப் பாருங்கள். விலங்கை வாங்குவதற்கு முன்பே ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்று தேடி வையுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் சிறப்பாக வைத்தியம் பார்க்கும் பலர் இவற்றைத் தொட்டதேயில்லை. வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள்.

மகனுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லாமல், ‘தங்கச்சிக்கு அஞ்சு வயசு ஆகட்டும்’ என்று காரணத்தோடு தேதியும் சொல்லுங்கள். 9 வயதுப் பிள்ளைக்கு அது புரியும். அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, டியூப்லைட்டுக்கு அருகே தினமும் வரும் பல்லியைக் கவனித்து எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு வருகிறது, என்ன பூச்சி பிடிக்கிறது, அறுந்த வால் எத்தனை நாளில் முளைக்கிறது. பல்லியின் குடலிலும் அதே சால்மோனெல்லா உண்டு என்பதால் பார்ப்பது மட்டுமே, தொடுவது இல்லை. மூன்று மாதம் விடாமல் எழுதினால், இவன் வெப்பமானியையும் எழுதுவான் என்று நீங்கள் நம்பலாம். மூன்றாம் வாரமே புத்தகம் காணாமல் போனால் அதுவும் உங்களுக்கு ஒரு பதில். கிண்டி பாம்புப் பண்ணை உங்களுக்கு அருகில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையில் முதலைகளோடு ஆமைகளையும் உடும்புகளையும் அவன் நின்று பார்க்கலாம். அதே வளாகத்தில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பிலிருந்து நஞ்சு எடுத்துக் காட்டுவதைப் பார்த்த பிள்ளை, பாம்பைக் கையில் எடுக்க அவ்வளவு அவசரப்பட மாட்டான்.

அவனுக்கு ஆமைதான் வேண்டுமென்றால், ஜனவரியிலிருந்து மார்ச் வரை நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் அவற்றின் முட்டைகளைப் பாதுகாத்துவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். நள்ளிரவுக்குப் பின் பல கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டியிருக்கும். மகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, அவனை மட்டும் மதியமே தூங்க வைத்து அழைத்துப் போங்கள். கேமரா ஃபிளாஷ் கூடாது என்பதையும், ஆமை வராமலேயே விடிந்துவிடும் இரவுகளும் உண்டு என்பதையும் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.